அளக்காமல் கொடுத்த லேஸ்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே மூடி போட்ட சின்ன ஓலைப்பெட்டி. குருத்தோலையில் முடைந்தது. சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிய ஓலை இடையிடையே ஓடுகிறது. பெட்டிக்குள் ஒரு கிலுகிலுப்பை. ஆட்டிப் பார்த்தேன், நாலைந்து சிறு கல் சத்தம். அறுபது தாண்டிய பெண்ணுக்குக் கிலுகிலுப்பை எதற்கு என்று கேட்காதீர்கள். அனுப்பியவளுக்கும் அதே வயதுதான்.

அவள் இடையன்குடிப் பக்கத்துக்காரி. நானும் அவளும் ஆசிரியர் பயிற்சி ஒன்றாகப் படித்தவர்கள். கைவேலை வகுப்பில் அவள் ஓலை முடைவாள், நான் நூல் பின்னுவேன். பிறகு அவள் ஒரு பள்ளி, நான் ஒரு பள்ளி, முப்பது வருஷத்துக்குக் கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ பார்த்தால்தான் உண்டு. ரிட்டயர் ஆன பிறகு பழைய கை வேலையை இருவரும் மறுபடி எடுத்தோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்ததை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். எங்களுக்குள் சில ஒப்பந்தங்கள் உண்டு. கடையில் வாங்கினது கூடாது. பழைய மாதிரிதான் செய்ய வேண்டும். விலை பேசக் கூடாது. இந்தப் பழைய மாதிரிக்கு இப்போது 'விண்டேஜ்' என்று பெயர் வைத்து, மெஷினில் ஓட்டிய லேஸை மும்மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் அவளுக்கு அனுப்பியது ஒரு முழம் லேஸ், கைக்குட்டை ஓரத்துக்கு. என் பெரியம்மா வைத்துவிட்டுப் போன ஓட்டை அட்டையைப் பார்த்துப் பின்னினது. அதைப் பின்னிக்கொண்டிருந்தபோது தம்பி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலேஜ் படிக்கிற பிள்ளை. "அத்தே, இத வித்தா எவ்வளவு கிட்டும்?" என்றாள். "விக்கதுக்கு இல்ல மக்களே, சும்மா குடுக்கதுக்கு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே அந்தச் 'சும்மா' உறுத்தியது. பெரியம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா லேஸ்காரி. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் லேஸ் திண்டு இருக்கும். நூலைக் கொண்டுவந்து தருவதற்கு ஒருவர், பின்னினதை அளந்து வாங்குவதற்கும் அவரே. அளவு நாடாவை விரித்து, லேஸைக் கொஞ்சமும் இழுத்துப் பிடிக்காமல் தொய்வாகவே வைத்து அளப்பார். நூல் கணக்கு, நீளக் கணக்கு, கறை இருந்தால் அதற்குப் பிடித்தம். வேர்வைக் கை பட்டால் வெள்ளை நூல் மங்கிவிடும். அதனால் பெரியம்மா மடியில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு, நாலு தடவைக்கு ஒரு தடவை கையைத் துடைத்துக்கொள்வாள்.

பயிற்சியில் கூடப் படித்த ஒருத்திக்குக் கல்யாணம் வந்தது. நான் பெரியம்மாவிடம் போய், "ஒரு சாண் லேஸ் தாங்களேன், பரிசா குடுக்கணும்" என்று கேட்டேன். அவள் திண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணு போற வேல மக்களே. இத அளந்து குடுத்துத்தான் எனக்குப் பழக்கம்" என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாண் கொடுத்தாள். அந்த ஒரு சாணுக்கான நூலையும் கூலியையும் தன் கணக்கில் கழிக்கச் சொல்லியிருக்கிறாள் என்பது பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் லேஸ் பின்னியவளின் சேலையிலோ ஜம்பரிலோ ஒரு விரற்கடை லேஸ் நான் பார்த்ததில்லை.

இந்த வேலை நாகர்கோவிலுக்கு எப்படி வந்தது?

1806-ல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் மிஷன் வேலையைத் தொடங்கியது நம் மாவட்டத்தார் பலருக்கும் தெரியும். அவருக்குப் பின் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் வந்தார். 1819 கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். 1850-களின் நடுவில் நாடு திரும்பும் வரை ஏறக்குறைய 35 ஆண்டுகள் அந்த அம்மாளுக்கு இதுதான் ஊர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற ஒன்றே கேள்விப்படாத காலத்தில் இங்கே பெண்கள் பள்ளி நடந்தது. இன்றைய டதி பெண்கள் பள்ளி தன் தொடக்கத்தை 1819 என்றுதான் சொல்கிறது. அந்தப் பள்ளி வட்டாரத்தில்தான் 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நெய்யூர், மார்த்தாண்டம் பக்கம் பிறகு எம்பிராய்டரி வளர்ந்தது, அது வேறு கதை.

ஏன் லேஸ்? மார்த்தா அம்மாள் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பது ஒரு பதில். எனக்குத் தோன்றுவது இன்னொன்று. மண்பாண்டம், நெசவு, தட்டு வேலை என்று நம் ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாதி உண்டு. இன்னொருவர் கை வைத்தால் சண்டை. லேஸுக்கு அப்படிச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கப்பலில் வந்த வேலை. யாரும் 'இது எங்கள் தொழில், நீ தொடாதே' என்று சொல்ல முடியாது. தறி வேண்டாம், குழி வெட்ட வேண்டாம். மடியில் அடங்குகிற ஒரு திண்டு, கொஞ்சம் ஊசி, நூல் சுற்றின குச்சிகள். ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யலாம். பள்ளியில் இருந்தபடியே பிள்ளை நாலு காசு சம்பாதிக்கிறாள் என்றால் வீட்டிலும் அனுப்புவார்கள்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த லேஸ் குரோஷா போல ஒற்றைக் கொக்கியில் பின்னுவது இல்லை. கெட்டியாக அடைத்த திண்டின் மேல் அட்டையைப் பொருத்துவோம். அட்டையில் வடிவம் முழுவதும் ஊசி ஓட்டைகளாக இருக்கும். நூல் சுற்றின குச்சிகள் இரண்டிரண்டாக ஜோடி. ஒரு சமயத்தில் இரண்டு ஜோடியைக் கையில் எடுப்போம். நடுக் குச்சி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியையும் தனக்குள்ளே திருப்பினால் முறுக்கு. அடிப்படை இவ்வளவுதான். குறுக்கு, முறுக்கு, ஓட்டையில் ஊசி, மறுபடி குறுக்கு. பூவும் இலையும் வலையும் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. வடிவம் பெரிதானால் குச்சியின் எண்ணிக்கை ஏறும், ஐம்பது அறுபது என்று போகும். எந்தக் குச்சி எங்கே போகிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சாண் பின்ன எனக்கு நாலு நாள் ஆகிறது. பெரியம்மாவுக்கு அரை நாள்.

இங்கே இந்த வேலை தொடங்கிய அதே காலத்தில் இங்கிலாந்தில் அது செத்துக்கொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809-ஆம் ஆண்டுகளில் லேஸ் வலை நெய்யும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் அவருடைய ஆலையைக் கூட்டமாக வந்து உடைத்தார்கள். அவர் டெவன் மாவட்டத்துக்குப் போய் மறுபடி ஆலை போட்டார். கையால் பின்னியவர்களுக்குக் கூலி விழுந்தது. 1840-ல் விக்டோரியா ராணி தன் கல்யாண உடைக்கு அதே டெவன் பெண்களின் கைலேஸைக் கேட்டு வாங்கியது, அழியும் தொழிலைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கத்தான். அங்கே ராணி தாங்க வேண்டியிருந்த தொழிலை இங்கே யார் தாங்கினார்கள்?

இங்கே திண்டின் முன்னால் உட்கார்ந்தவர்களில் அடிமைப் பெண்கள் இருந்தார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் சுமார் 12.8 லட்சம் மக்களில் 1.64 லட்சம் பேர் அடிமைகள். எட்டுப் பேரில் ஒருவர். நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம். லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அந்தப் பெண்கள் தங்கள் கையில் பிடித்திருந்த நூலுக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். குறுக்கு, முறுக்கு, ஊசி. ஒரு விரற்கடை முடிந்தால் தன் உடம்பில் ஒரு விரற்கடை தனக்குச் சொந்தம். அடிமை முறையை முழுவதுமாக ஒழிக்கும் பிரகடனம் 1855-ல்தான் வந்தது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பள்ளியில் வரலாறு நடத்தும்போது நான் இதை ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். லேஸ் எங்கே போடுவது? கழுத்துப் பட்டியில், தோளில், மார்பில், கை ஓரத்தில். அந்த லேஸைப் பின்னிய பெண்களுக்கும் அவர்கள் அம்மாமாருக்கும் தோளில் ஒரு சீலை போட உரிமை இல்லாத காலம் அது. 1813-ல் கர்னல் மன்றோ மதம் மாறிய பெண்கள் மேலாடை அணியலாம் என்று உத்தரவு போட்டார். எதிர்ப்பு வந்தது. மேலாடை கூடாது, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று. 1822, 1823-ல் கல்குளம் பகுதியில் கலவரம். 1829-ல் ராணி பார்வதி பாய் காலத்துப் பிரகடனம், மேல்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்றே சொன்னது. மறுபடி 1858-ல் தொடங்கிய கலவரம், சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதல், கடைசியில் 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம். அதுவும் அரைமனதுதான். மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது. மார்த்தா மால்ட் இங்கே இருந்த அத்தனை ஆண்டும் இந்தச் சண்டை நடந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டியின் தோளுக்கு இங்கிருந்து லேஸ் போனது.

இனி நான் சொல்ல வந்த பரிமாற்றத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்துச் சபைகளில் பெண்கள் வாரத்துக்கு ஒருநாள் கூடி உட்கார்ந்து தைப்பார்கள். ஊசி குத்தி வைக்கும் மெத்தை, தையல் பை, பேனா துடைக்கும் துணி, குழந்தைச் சட்டை, பொம்மை என்று தங்கள் கையால் செய்ததைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் மிஷன் நிலையங்களுக்கு அனுப்புவார்கள். இங்குள்ள வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்று, வந்த பணத்தைப் பெண்கள் பள்ளிக்கு வைத்துக்கொள்வது ஏற்பாடு. சிலது பிள்ளைகளுக்குப் பரிசாகவும் போகும். ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டும் அம்மாள் தன் பெயரையோ தனக்குப் பிடித்த பெயரையோ அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்வதும் மிஷன்களில் இருந்த வழக்கம். இங்கிருந்து பிள்ளைகளின் கைவேலை மாதிரிகள் அங்கே போகும். இரண்டு பக்கமும் கையால் செய்தது, இரண்டு பக்கமும் பெண்கள். நானும் என் தோழியும் செய்வது போலத்தானே என்று தோன்றும்.

அப்படி இல்லை. அங்கே தைத்தவர்கள் ஓய்வு நேரத்தில், தேநீர் குடித்துக்கொண்டு, புண்ணியத்துக்குத் தைத்தார்கள். அவர்களுக்கு அது சும்மா கொடுக்க முடிகிற பொருள். இங்கே பின்னியவளுக்கு அது கூலி, சாப்பாடு, மீட்புப் பணம். சும்மா கொடுப்பதற்கு முதலில் கையில் உபரியாகக் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் காசும் வேண்டும். இதைச் சொல்வதால் அந்த அம்மாமாரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தைத்த பையால் இங்கே ஒரு பிள்ளை எழுத்துப் படித்திருக்கிறாள்.

1851-ல் லண்டனில் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா ராணிக்குப் பரிசாகக் கொடுத்த தந்தச் சிம்மாசனம் அங்கே வைக்கப்பட்டது. நம் சிற்பிகள் செதுக்கியது. 1876-ல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்துக்காக ராணி எடுத்துக்கொண்ட படத்தில் உட்கார்ந்திருப்பது அந்தச் சிம்மாசனத்தில்தான். அதே 1851 பொருட்காட்சியில் நாகர்கோவில் லேஸும் இருந்தது. ராஜா கொடுத்தது பரிசு, அதற்கு ராஜாவின் பெயர் இருக்கிறது. லேஸுக்கு ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது. அதைப் பின்னியது எந்தத் தெருப் பெண், அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது இல்லை. தந்தத்தைச் செதுக்கியவர்கள் கதியும் அதேதான், நினைவுபடுத்துகிறேன்.

மார்த்தாவின் மகள் எலைசா 1822-ல் பிறந்தவர். நாகர்கோவிலில் வளர்ந்ததால் தமிழ் அவருக்கு நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல வரும். 1844-ல் அவர் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அந்தப் புத்தகம் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. எலைசா இடையன்குடிக்குக் குடிபோனபோது அம்மாவின் லேஸ் வேலையும் கூடவே போனது. தேரி மணலும் பனையும் தவிர வேறு ஒன்றும் இல்லாத அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர் மனைவி அந்த ஊர்ப் பெண்கள் கையில் காசு புரள வழி செய்தது எத்தனை மேடையில் வருகிறது?

என் பார்சல் போகிற ஊரும் அதுதான். நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கு லேஸ், அங்கிருந்து இங்கே பனையோலை. 180 வருஷம் முன்னால் மாட்டு வண்டியில் போனது இப்போது ஸ்பீட் போஸ்டில் போகிறது.

ஆந்திராவில் நரசாபுரம் என்ற ஊரில் இன்னும் பெரிய அளவில் லேஸ் வேலை உண்டு. அது குரோஷா லேஸ், அங்கேயும் மிஷனரிகள் வழியாக வந்ததுதான். ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் என்ற ஆய்வாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் சொல்லும் முக்கியமான விஷயம் ஒன்று. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்கை நாள் முழுவதும் உட்கார்ந்து பின்னும் பெண்களை, வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்றே எல்லோரும் பேசினார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம். படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் திண்ணை ஞாபகம் வந்தது. ரேஷன் கார்டில் அவளுக்கு என்ன தொழில் போட்டிருந்தது தெரியுமா? ஒன்றும் போடவில்லை.

அந்த 'ஒன்றும் இல்லாத' தொழிலிலிருந்துதான் என் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு வந்தது. எனக்கு மட்டுமா? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டம். டீச்சர், நர்ஸ் என்று ஊர் ஊராகப் போன நம் பெண்களின் முதல் ஃபீஸ் எந்தக் காசில் கட்டினது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஓலைப்பெட்டி, கயிறு, முந்திரி ஆலை, லேஸ் என்று ஏதாவது ஒன்று வரும். படித்த பெண்கள் திண்டை விட்டு எழுந்தார்கள். மெஷின் லேஸும் வந்தது. திண்ணைகள் காலியாகின. அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். பெரியம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பக்கத்தில் இருப்பவர் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது.

தம்பி மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீங்க சும்மா குடுக்கது சரியா, தப்பா?" என்றாள். டீச்சர் வேலை பார்த்தவளுக்குப் பதில் தெரியாமல் போகும் நேரமும் உண்டு. இடையன்குடித் தோழிக்குப் போன் போட்டு அதையே கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் அம்மாவும் ஓலைப்பெட்டியை எண்ணிக் கொடுத்துக் காசு வாங்கியவள்தான். ஒன்று கோணலாக இருந்தால் அது எண்ணிக்கையில் சேராது, வீட்டுக்குத் திரும்பிவிடும். "அந்தக் கோணப்பெட்டிதான் பிள்ளே எங்களுக்கு வெளையாட. அம்மா அதுக்குள்ள கல்லு போட்டுத் தருவா" என்றாள். கிலுகிலுப்பை எதற்கு அனுப்பினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது அவளுக்காக ஒரு கழுத்துப் பட்டி பின்னிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவின் அட்டைகளில் அதுதான் பெரியது, பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தது, புது அட்டையில் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். முடிந்ததும் அளக்கப் போவதில்லை. அவள் ஜாக்கெட்டில் வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. ஜூன் மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். பெரியம்மா வைத்திருந்தது பித்தளை ஊசி. இப்போது கடையில் கிடைக்கும் ஊசி ஈரத்துக்குத் துருப்பிடித்து நூலில் கறை விடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேஸ் திண்டோ, ஓட்டை போட்ட அட்டையோ, நூல் சுற்றின குச்சியோ கிடந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அது யார் கையில் இருந்தது, அவர்கள் பெயர் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.